பெரிய நெருப்பும் சின்ன நெருப்பும்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களாகப் புதிதாக நியமனம் பெற்றிருக்கும் உங்களிடம் பேச என்னை அழைத்தவர், "ஐயா, உங்களுக்குச் சேவையிலை கிடைச்ச பாராட்டுகளைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். யோசித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நீதிபதியின் வாயிலிருந்து நேரடியாக எனக்குக் கிடைத்த பாராட்டு ஒன்றே ஒன்றுதான். அது ஓர் ஆங்கிலச் சொல்லுக்காகக் கிடைத்தது. அந்தப் பாராட்டைப் பற்றியே சொல்கிறேன். கேட்ட பிறகு, ஏன் இவரைக் கூப்பிட்டோம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைத்தால் குற்றமில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. வன்னியில் ஒரு நீதிமன்றம். எது என்று சொல்லமாட்டேன், நடந்த பிழை கட்டடத்தினுடையது அல்ல. எனக்கு இருபத்துநான்கு வயது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் படித்து, பரீட்சை எழுதி, மொழிபெயர்ப்பாளனாக நியமனம் பெற்று வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் நிரந்தரமாக்குவார்கள். அந்தக் காலத்தில் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடந்தது. கூண்டில் நிற்பவன் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நீதிபதி எழுதுவது நான் சொல்வதைத்தான், அவன் சொன்னதை அல்ல. இந்த வித்தியாசத்தை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நான் கேட்டிருப்பேனோ தெரியாது. எனக்கு என் ஆங்கிலத்தில் அவ்வளவு பெருமை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர் ஒருநாள் கரும்பலகையில் ஒரு நீளமான சொல்லை எழுதினார். கொன்ஃபிளகிறேஷன். "அடுப்பிலை எரியிறதுக்கு இந்தச் சொல்லைப் பாவிக்கக்கூடாது. குப்பை கொளுத்தினால் அதுக்கும் பாவிக்கக்கூடாது. மனிசன்ரை கையை மீறிப் போய், வீட்டையும் ஊரையும் எரிச்சு அழிக்கிற நெருப்புக்குத்தான் இந்தப் பேர்" என்றார். அந்தச் சொல்லின் சத்தம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அகராதியில் தேடிப் பார்த்தேன். 'பெருந்தீ' என்று போட்டிருந்தது. பெரிய நெருப்பு என்றால் கொன்ஃபிளகிறேஷன் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். வாத்தியார் சொன்ன மற்றப் பாதியை, அழிப்பது என்ற பாதியை, மறந்துவிட்டேன். வருடக்கணக்காக அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

அது புரட்டாதி மாதத்தில் வந்தது.

வழக்கு இதுதான். காட்டோரமாக ஒரு பழைய ஊர். அதற்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அங்கால், குளத்து நீர்ப்பாசனத் திட்டத்தில் குடியேற்றப்பட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இருந்தன. எல்லாம் கிடுகு வேய்ந்த வீடுகள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், காட்டுப் பக்கமிருந்து நெருப்பு வந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. காய்ந்த புல்லில் ஏறி வாய்க்காலைக் கடந்து வந்து பதினொரு வீடுகளை எரித்தது. ஆட்கள் வயலில் நின்றார்கள். செல்லத்துரை என்ற குடியேற்றவாசியின் தகப்பன் பாரிசவாதத்தில் படுக்கையோடு கிடந்தவர். செல்லத்துரை ஓடி வருவதற்குள் கூரை விழுந்துவிட்டது.

நெருப்பு வந்த தடம் கறுப்பாகத் தெரிந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அது பழைய ஊரைச் சேர்ந்த கதிரேசு என்பவருடைய சேனையில் போய் முடிந்தது. காட்டை வெட்டி, எரித்து, குரக்கனும் எள்ளும் போடுகிற சேனை. பொலிஸ் அவரைப் பிடித்து, நெருப்பு வைத்துக் கேடு விளைவித்ததாகவும் அதனால் ஓர் உயிர் போனதாகவும் வழக்குப் போட்டது.

கதிரேசுவுக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, முழங்கால்வரை ஏறிய வேட்டி, கையெல்லாம் முள்ளுக் கீறிய தழும்பு. அவருக்காக வழக்குப் பேச ஒரு புறக்டர் இல்லை.

முதலில் ஊர் அதிகாரியான விதானையார் சாட்சி சொன்னார். தடம் கதிரேசுவின் சேனையிலிருந்துதான் வந்தது என்றார். அது உண்மை. பிறகு செல்லத்துரை ஏறினார். தகப்பனை எரியக் கொடுத்த மனிதன். ஆனாலும் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. "ஆர் வைச்சதெண்டு நான் காணேல்லை ஐயா. அந்தப் பக்கத்தாலை வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். அதை நான் ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன்.

பிறகு நீதிபதி கதிரேசுவைப் பார்த்து, சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

கதிரேசு கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஓம் ஐயா. பெரிய நெருப்பு நான்தான் வைச்சனான். அதை நான் ஒளிக்கேல்லை."

எத்தனையோ வருடமாக என் நாக்கில் காத்துக்கிடந்த சொல் தானாக வந்தது. அந்தக் கொன்ஃபிளகிறேஷனை வைத்தது நானேதான், அதை நான் மறைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். 'அந்த' என்று அவர் சொல்லவில்லை. வசனம் நன்றாக நிற்க வேண்டும் என்பதற்காக நான் போட்டுக்கொண்டது அது. நீதிபதியின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார்.

கதிரேசு தொடர்ந்தார். "ஆனா சின்ன நெருப்பு நான் வைக்கேல்லை ஐயா."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். சின்ன நெருப்பு எதையும் தான் வைக்கவில்லை என்கிறார்.

நீதிமன்றம் சிரித்தது. முதலில் புறக்டர்மாரின் மேசையில் ஒருவர் சிரித்தார். பிறகு ஆங்கிலம் விளங்கிய எல்லோரும். விளங்காதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஊரை எரித்துவிட்டு, வைத்தால் பெரிதாகத்தான் வைப்பேன் என்று கூண்டில் நின்று பெருமையடிக்கிற ஒருவன் அவர்களுக்குத் தெரிந்தான். செல்லத்துரை சிரிக்கவில்லை. வாங்கில் உட்கார்ந்தபடி கதிரேசுவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் முகத்தில் இல்லாத வெறுப்பு அப்போதுதான் வந்தது.

கதிரேசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார், நீதிபதியைப் பார்த்தார். "அண்டைக்கு நான் வவுனியா..." என்று ஏதோ தொடங்கினார். சிரிப்புச் சத்தத்தில் அது அமுங்கிப் போயிற்று. நீதிபதி சிவந்த முகத்தோடு கையை உயர்த்தி, போதும் என்றார்.

எனக்கு 'வவுனியா' கேட்டது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். காதில் விழவில்லை என்று நான் சொல்ல முடியாது. நீதிபதி போதும் என்றார், நானும் விட்டுவிட்டேன். தீர்ப்பு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அன்று செவ்வாய்.

வெளியே வந்தபோது ஒரு பெண் என்னை நோக்கி வந்தார். நைந்த சேலை, கையில் ஒரு சிறுமி. பிள்ளையின் காலில் பெரிய கட்டு. கதிரேசுவின் மனைவி பாக்கியம்.

"ஐயா, ஏன் சிரிச்சவை?" என்று கேட்டார்.

"அதொண்டுமில்லை. நீங்கள் போங்கோ."

"அவர் என்ன பிழையாச் சொன்னவர்? ஏனையா சிரிச்சவை?"

எனக்கு எரிச்சல் வந்தது. "பெரிய நெருப்பை வைச்சனான், சின்ன நெருப்பை வைக்கேல்லை எண்டால் சிரிக்காமல் என்ன செய்யிறது?" என்றேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "உண்மையைத்தானே சொன்னவர்" என்றார். பிறகு, எனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது அப்போதுதான் தோன்றியதுபோல, மெல்லக் கேட்டார். "ஐயாவுக்குச் சேனை தெரியாதோ?"

பாக்கியம் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. அவர்கள் ஊரில் பெரிய நெருப்பு என்பது வெட்டிக் காயவிட்ட காட்டுக்கு வைக்கிற முதல் எரிப்பு. அதற்கு ஊரே வந்து நிற்கும். சுற்றிவர வெளியாக்கி, காற்றுப் பார்த்து வைப்பார்கள். அது எரிந்து ஆறிய பிறகு, எரியாமல் கிடக்கிற கட்டைகளையும் கொப்புகளையும் குவித்து, ஆறுதலாக ஒருநாள் எரிப்பதுதான் சின்ன நெருப்பு. கதிரேசு பெரிய நெருப்பு வைத்தது முந்தின வாரத்துத் திங்கட்கிழமை. அது எந்தக் கேடும் இல்லாமல் எரிந்து அடங்கிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீடுகள் எரிந்தது அதற்கு எட்டு நாள் கழித்து. குவித்து வைத்திருந்த கட்டைகளுக்கு யாரோ நெருப்பு வைத்திருக்கிறார்கள்.

"ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது ஐயா. அவர் அண்டைக்கு ஊரிலையே இல்லை. இவளைப் பாம்பு கடிச்சு, முதல் நாளே வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனவர். புதன்கிழமைதான் வந்தவர்."

சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஆசுப்பத்திரித் துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். பிள்ளையைச் சேர்த்த திகதியும், எடுத்துக்கொண்டு போன திகதியும், கூட நின்றவர் தகப்பன் என்பதும் அதில் இருந்தன.

"இதைப் புறக்டர் ஒருத்தரிட்டைக் குடுங்கோ" என்றேன்.

"எங்களுக்குப் புறக்டர் இல்லையே. நீங்கள்தானே ஐயா அவருக்காகக் கதைச்சனீங்கள்."

பிள்ளைகளே, இந்த வேலையில் எத்தனை சுற்றறிக்கை வாசித்தாலும், நாங்கள் யார் பக்கமும் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், கூண்டில் நிற்பவனின் வீட்டார் கண்ணில் நீங்கள் இப்படித்தான். அவனுக்காகக் கதைக்கிற ஆள்.

நான் துண்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "பாக்கிறன்" என்றேன்.

எங்கள் நீதிமன்றத்தில் மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். எனக்கு வேலை பழக்கியவர். நல்ல மனிதர், கைசுத்தமானவர். அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை. புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டையும் காட்டினேன். அவர் கையைக் கழுவி, துடைத்து, ஆறுதலாக வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"நீர் பிழை விட்டனீர்தான்" என்றார். "ஆனால் இதைக் கேளும். நீர் போய் நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொன்னால், என்ன நடக்கும்? போன மாசம் நீர் மொழிபெயர்த்த வழக்குகள், அதுக்கு முந்தின மாசத்தது, எல்லாத்தையும் புறக்டர்மார் தூக்கிக்கொண்டு வருவினம். உம்மடை நிரந்தரம் போகும். அது சின்னக் காரியம். இந்தக் கோட்டிலை இனி ஆர் என்ன மொழிபெயர்த்தாலும் ஒருத்தனும் நம்பமாட்டான்."

"அப்ப கதிரேசு?"

"நீதிபதி உம்மடை ஒரு சொல்லை வைச்சே தீர்ப்பு எழுதப்போறார்? விதானையார் சொன்னது இருக்கு, தடம் இருக்கு. துண்டைக் குடுக்கிறது எங்கடை வேலையில்லை. சாட்சிப் பொருளை மொழிபெயர்ப்பாளன் கொண்டு போய்க் குடுத்ததாய் எங்கேயும் கேள்விப்பட்டனீரோ?"

நான் கேள்விப்படவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இருக்கவில்லை. அதுதான் மோசம். பிழையான புத்தி சொல்கிறவன் முட்டாளாக இருந்தால் தப்பிவிடலாம். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. நான் அதைக் கேட்க விரும்பினேன் என்பதும் உண்மை.

ஆனாலும் மனம் விடவில்லை. வியாழக்கிழமை காலை, நீதிமன்றம் தொடங்குவதற்கு முன், நீதிபதியின் அறைக்குப் போனேன். துண்டு சட்டைப்பையில் இருந்தது. அவர் கடுமையான மனிதர் என்று பெயர். ஆனால் அநியாயக்காரர் அல்ல. நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்றே இன்றைக்கும் நம்புகிறேன்.

வாசலில் நின்று கதவைத் தட்டினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஐயா, நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன். நாலு சொல்தான்.

"என்ன?" என்று கேட்டார், தலையை நிமிர்த்தாமலே.

"சேர், செவ்வாய்க்கிழமை நெருப்பு வழக்கில்... நான் கொன்ஃபிளகிறேஷன் என்று சொன்ன இடத்தில், வெறுமனே பெரிய நெருப்பு என்றும் எழுதலாம்."

நீதிபதி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா?"

கேள்வி அவ்வளவு நேராக வந்தது. அந்தக் கதவை எனக்காக அவரே திறந்துவிட்டார். ஓம் சேர், ஒரு மனிதனின் வாழ்க்கையளவு வித்தியாசம் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சட்டைப்பையில் கையை விட்டு அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்தால் அடுத்த கேள்வி, நீர் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பதாக இருக்கும். அதற்கு அடுத்தது, உம்மை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதாக இருக்கும். ஊரில் மூன்று தங்கைமார், நான் அனுப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய். இவையெல்லாம் ஒரே மூச்சில் எனக்குள் ஓடின.

"இல்லை சேர்" என்றேன்.

"அப்படியானால் இருக்கட்டும்" என்றார். "உம்முடைய சொல்தான் நல்லது. பொருத்தமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் இவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் கேட்டதில்லை."

நான் முதலில் சொன்ன பாராட்டு இதுதான்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு. நீதிபதி வாசித்ததை நான் தமிழில் கதிரேசுவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தானாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்ட விதத்தில் வருத்தம் சிறிதும் தெரியவில்லை. ஒரு நோயாளியின் உயிரைக் குடித்த பெருந்தீயைப் பற்றி இந்த மன்றத்தில் நின்று கேலியும் பகிடியும் பண்ணியிருக்கிறார். பதினெட்டு மாதம் கடூழியச் சிறை. மூத்தவர் சொன்னது பொய்த்துப் போயிற்று. தீர்ப்பு முழுக்க என் சொல்லின்மேல்தான் நின்றது.

"பகிடியோ?" என்று கதிரேசு என்னிடம் கேட்டார். "நான் எப்ப ஐயா பகிடி விட்டனான்?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டது, எதிரி இனிப் பேச இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாசலில் பாக்கியம் நின்றார். அவரைச் சுற்றிப் போக வழி இருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன். "இதுக்கு இப்ப இடமில்லாமல் போச்சுது" என்றேன். அவர் ஏசுவார், அழுவார், மண் அள்ளி எறிவார் என்று பயந்திருந்தேன். அவர் துண்டை வாங்கி மடித்துத் தலைப்பில் முடிந்தார்.

"பிள்ளைக்கு மருந்து கட்டக் கொண்டு போகேக்கை இது வேணும்" என்றார்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

நிரந்தரமான பிறகு எனக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தைப் பற்றி என்ன சொல்வது? நீதிபதி அதற்குள் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். மேல்முறையீட்டுக் காலமும் போய்விட்டது. அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், பெரிய நெருப்பு, சின்ன நெருப்பு, வவுனியா, துண்டு. இரண்டு கிழமையில் பதில் வந்தது. முழுச் சாட்சியத்தையும் வைத்தே தான் தீர்மானித்ததாகவும், நான் இதையிட்டு மனதை வருத்திக்கொள்ளத் தேவையில்லை என்றும் நான்கு வரி எழுதியிருந்தார். அவரும் என்னைப் போலவே. பிழை விட்டதாக ஒப்புக்கொள்ள அவருக்கும் நேரம் பிந்திவிட்டது. கதிரேசு பதினெட்டு மாதத்தையும் இருந்து முடித்தார். அந்த வருடம் அவர் சேனை விதைக்காமல் கிடந்து மறுபடி பற்றைக் காடானது. பாக்கியம் குடியேற்றத்து வயல்களில் நாற்று நடப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு நான் மாறினேன். உங்களுக்குப் பயன்படக்கூடியது இதில் ஏதாவது இருந்தால் இந்த இடம்தான். நான் குடாநாட்டான். அங்கே காடும் இல்லை, சேனையும் இல்லை. ஆனால் வன்னியார் கதைக்கிற தமிழ் என் தமிழ் மாதிரியே காதில் விழுந்தது. அதே ஓம், அதே வாறன், அதே போறன். சிங்களமோ மலாயோ என்றால் கவனமாக இருந்திருப்பேன். தெரிந்த மொழி என்றபடியால்தான் விழுந்தேன். அதற்குப் பிறகு எவ்வளவு சின்னச் சொல்லானாலும், ஒரு சாட்சி தன் தொழிலைப் பற்றி, தன் ஊரைப் பற்றிப் பேசும்போது, நீதிபதியிடம் அனுமதி வாங்கி, "இந்தச் சொல்லாலை நீங்கள் என்னத்தைச் சொல்லுறியள்?" என்று கேட்டுவிட்டே மொழிபெயர்த்தேன். முள்ளிவாய்க்கால் பக்கத்து மீனவர் வந்தாலும் கேட்டேன், பளையிலிருந்து தென்னந்தோட்டக்காரர் வந்தாலும் கேட்டேன். சில நீதிபதிகள் எரிந்து விழுந்தார்கள். சிலர், இவருக்குத் தமிழே தெரியாது போலிருக்கிறது என்று ஏளனம் செய்தார்கள். சொல்லட்டும். கொன்ஃபிளகிறேஷன் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகு எந்த நீதிமன்றத்திலும் சொன்னதில்லை. உண்மையில் ஊர்கள் எரிந்த வழக்குகளிலும் சொன்னதில்லை.

பிழையிலிருந்து படித்துவிட்டேன், இனிச் சரி என்று நினைத்திருந்தேன். இப்படிப்பட்ட பேச்சுகளை வழமையாக அந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். நானும் நிறுத்தலாம். ஆனால் அது அந்த இடத்தில் முடியவில்லை.

ஆறு ஏழு வருடம் கழித்து, அதே நீதிமன்றத்தில் ஒரு மாட்டு வழக்கு. ஹனீபா என்ற வியாபாரி, முல்லைத்தீவுப் பக்கத்தவர். ஒரு சோடி எருது களவெடுத்ததாகக் குற்றச்சாட்டு. தான் அவற்றைக் காட்டு வழியில் வைத்து ஒருவரிடம் நேர்மையாக வாங்கியதாகவும், விற்றவர் தலைமறைவாகிவிட்டதாகவும், வாங்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு சேனைக்காரர் எல்லாவற்றையும் கண்டவர் என்றும் ஹனீபா சொன்னார். அந்தச் சேனைக்காரரைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கதிரேசு சாட்சிக் கூண்டில் ஏறினார்.

தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டார். கண்டதை முகத்தில் காட்டவில்லை.

ஹனீபாவின் புறக்டர் எழுந்து, அந்த எருதுகள் கைமாறியதை நீர் கண்டீரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"தெரியாது ஐயா" என்றார் கதிரேசு.

"அன்றைக்கு அந்த இடத்தில் நீர் நின்றீரா?"

"தெரியாது ஐயா."

"நின்றீரா இல்லையா என்பதுகூடத் தெரியாதா?"

"தெரியாது ஐயா."

எதிரிக் கூண்டிலிருந்த ஹனீபா பொறுக்க முடியாமல் கத்தினார். "கதிரேசண்ணை, அல்லாவுக்காகச் சொல்லுங்கோ! நீங்கள் நிண்டனீங்கள்தானே? எருதின்ரை கொம்பைப் பிடிச்சுப் பாத்தனீங்கள்தானே?"

பொலிஸ்காரர் ஹனீபாவைப் பிடித்து இருத்தினார். கதிரேசு ஹனீபாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் புதிய நீதிபதியிடம் அனுமதி கேட்டேன். சாட்சிக்குக் கேள்வி விளங்கியதா என்று கேட்டுப் பார்க்கவேண்டும் என்றேன். அனுமதித்தார்.

"அண்ணை, கேட்டது விளங்குதோ?" என்றேன். "ஆறுதலாய்ச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன்."

"விளங்குது ஐயா" என்றார். "தெரியாது."

சாட்சிக்குக் கேள்வி விளங்குகிறது, தனக்குத் தெரியாது என்கிறார். அப்படியே சொன்னேன்.

வழக்கு முடிந்ததும் கதிரேசுவின் பின்னால் ஓடினேன். பஸ் நிற்கும் இடத்தில், ஒரு தேத்தண்ணிக் கடையின் பக்கத்தில் நின்றார். தோளில் ஒரு துவாய். முப்பது அடி தூரத்தில் ஹனீபாவின் மனைவி, முக்காட்டைப் பிடித்தபடி, இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கிட்ட வரவில்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "கண்டனீங்கள் எண்டு உங்கடை முகத்திலையே தெரிஞ்சுது. ஒரு மனிசன் செய்யாத களவுக்கு மறியல்வீட்டுக்குப் போறான்."

கதிரேசு பஸ் வரும் திசையைப் பார்த்தார்.

"நான் கண்டனான்தான்" என்றார். "ஆனா நான் ஒண்டு சொன்னால் ஐயா வேறொண்டைச் சொல்லுவியள். அது அந்த மனிசனை இன்னும் கெடுத்துப்போடும். தெரியாது எண்டால் அதிலை மாத்திறதுக்கு ஒண்டுமில்லை."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. எள்ளுக்கு இந்த முறை மழை காணாது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் பின் சீற்றில் போய் இருந்தார்.

கதிரேசுவுக்குப் பதினெட்டு மாதம். ஹனீபாவுக்கு ஆறு மாதம். இரண்டாவது வழக்கில் நான் ஒரு சொல்லையேனும் பிழையாக மொழிபெயர்க்கவில்லை.